விருது அறிவிப்பு வருமுன்: சிறுதொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வாகன உதிரிபாகத் துறையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தொழில் விருதுகளுக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் இடும் மதிப்பீட்டாளர்களில் ஒருவனாகவும் சில ஆண்டுகளாக இருந்துவருகிறேன். அம்பத்தூர், ஓசூர், கோவை, திருச்சி என நம் தொழில் நகரங்களிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரு வருத்தம் மனத்தை அரிக்கிறது. உண்மையிலேயே நல்ல வேலை நடக்கும் தொழிற்கூடங்கள் பல, தாளில் அந்த வேலையைக் காட்டத் தெரியாததால் முதல் சுற்றிலேயே நின்றுவிடுகின்றன. வேறு காரணத்துக்காக அதே தொழிற்கூடத்துக்குப் போய்ப் பார்க்க நேரும்போது, விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இடம்பெறாத அருமையான ஏற்பாடுகளைக் கண்டு, இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறேன். "இதெல்லாம் எல்லாரும் செய்கிறதுதானே சார்" என்பதே பெரும்பாலும் கிடைத்த பதில். இந்த நிலையை மாற்றும் வசதியும் செல்வாக்கும் சங்கங்களுக்கு உண்டு என்று நம்புவதால் இம்மடலைத் தங்கள் முன் வைக்கிறேன்.

இப்போது நடப்பது என்னவென்று தங்களுக்குத் தெரியாததல்ல. விருது அறிவிப்பு வருகிறது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அது பகிரப்படுகிறது. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும். உரிமையாளர் ஆர்டர் நெருக்கடியில் இருப்பார், எனவே படிவம் கணக்கரிடம் போகும், அல்லது எழுதித் தரும் ஆலோசகர் ஒருவரிடம் போகும். அவர் ஏற்கெனவே வேறொரு நிறுவனத்துக்கு எழுதியதை எடுத்துப் பெயரையும் எண்களையும் மாற்றித் தருவார். ஒரே ஆண்டில் இரு நிறுவனங்களின் விண்ணப்பங்களில் ஒரே பத்தி, ஒரே சொற்பிழையுடன் வந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பத்தியைப் படித்த பின், அவ்விரு விண்ணப்பங்களிலும் அதன் பிறகு வரும் உண்மையான செய்திகளைக்கூட நம்பிப் படிப்பது கடினமாகிவிடுகிறது. அந்த உரிமையாளர்களுக்கு இப்படி நடந்ததே தெரிந்திருக்காது.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: வலுவான விண்ணப்பத்துக்கு வேண்டிய பொருள், அறிவிப்பு வருவதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்பிருந்தே தொழிற்கூடத்தின் பதிவேடுகளில் சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பின் செய்யக்கூடியது, சேர்ந்திருப்பதைத் தெரிந்தெடுத்து ஒழுங்காக எழுதுவது மட்டுமே. எனவே சங்கங்களின் உதவியும் அறிவிப்பைப் பகிர்வதோடு முடியாமல், அதற்கு வெகு முன்பே தொடங்க வேண்டும்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. அம்பத்தூரை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது; அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது. 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002இல் டிவிஎஸ் மோட்டார் என்று அந்த வரிசை நீண்டது. 1950இல் ஜப்பானுக்குச் சென்று புள்ளியியல் தரக் கட்டுப்பாடு பற்றி உரையாற்றிய அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங், அவ்வுரைகள் நூலாக வந்தபோது கிடைத்த உரிமத்தொகையை ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் ஒன்றியத்துக்கே கொடுத்துவிட, அதைக் கொண்டு 1951இல் நிறுவப்பட்டதே இப்பரிசு. இதில் நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லை. தகுதி நிலையை எட்டிய எவருக்கும் பரிசு உண்டு. எட்டாதவர்கள் குறைகளைச் சரிசெய்துகொண்டு மீண்டும் வரலாம். பாடியில் இருந்தவர்கள் ஜப்பானியப் பேராசிரியர்களை வரவழைத்து, அவர்கள் சுட்டிய குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, பல ஆண்டுகள் உழைத்த பிறகே விண்ணப்பித்தார்கள். அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறிய கூடங்கள் நம் சங்கங்களில் இருக்கின்றன. பெரிய நிறுவனத்தின் தரப் பிரிவினர் மாதந்தோறும் வந்து கேட்கும் பதிவுகளைத் தயாரித்துத் தரும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை விருது விண்ணப்பத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம்தான் பலருக்கு வருவதில்லை.

சிறிய நிறுவனம் பெரிய நிறுவனங்களோடு ஒரே மேடையில் நிற்க முடியுமா என்று தயங்குவோர் உண்டு. அமெரிக்காவில் மால்கம் பால்ட்ரிஜ் தேசியத் தர விருது 1987இல் சட்டமாகி, 1988இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, மோட்டரோலாவோடும் வெஸ்டிங்ஹவுஸின் அணு எரிபொருள் பிரிவோடும் சேர்ந்து அதைப் பெற்ற மூன்றாவது நிறுவனம், உலோகக் கலவைகளைத் தயாரிக்கும் குளோப் மெட்டலர்ஜிக்கல் என்ற சிறிய நிறுவனம். சிறு நிறுவனங்களுக்கென்று அவ்விருதில் தனிப்பிரிவே வைத்திருந்தார்கள். நம் நாட்டிலும் அளவைப் பொறுத்துத் தனிப்பிரிவு உள்ள விருதுகள் பல இருக்கின்றன.

எந்த விருதாக இருந்தாலும், மதிப்பெண் எப்படிப் பகிரப்படுகிறது என்பதை முதலில் படிக்க வேண்டும். வியப்பாக இருக்கும், பெரும்பாலான விண்ணப்பதாரர்கள் கேள்விகளைப் படிக்கிறார்கள், மதிப்பெண் அட்டவணையைப் படிப்பதில்லை. பால்ட்ரிஜ் விருதின் அளவுகோலில் பல ஆண்டுகள் மொத்த மதிப்பெண் 1000 ஆக இருந்தது. அதில் 450 விளைவுகளுக்கு மட்டும். தலைமை, திட்டமிடல், வாடிக்கையாளர், அளவீடு, பணியாளர், செயல்முறை ஆகிய அனைத்தும் சேர்ந்து மீதி 550ஐப் பங்கிட்டுக்கொண்டன. இந்தியத் தொழில் கூட்டமைப்பு 1994இல் எக்சிம் வங்கியோடு சேர்ந்து தொடங்கிய வணிக மேன்மை விருது, ஐரோப்பியத் தர மேலாண்மை அறக்கட்டளையின் மாதிரியைப் பின்பற்றியது. அங்கும் விளைவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நம்மிடமிருந்து வரும் விண்ணப்பங்களில் நிறுவனரின் இளமைக்கால உழைப்புக்கு மூன்று பக்கமும், விளைவுகளுக்கு அரைப் பக்கமும் ஒதுக்கப்பட்டிருக்கும். நிறுவனரின் கதை மதிக்கத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒற்றை லேத் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துத் தொடங்கியவர்களைப் பற்றிப் படிக்கும்போது மனம் நெகிழாமல் இருப்பதில்லை. அந்த நெகிழ்ச்சிக்கு மதிப்பெண் போட அட்டவணையில் இடம் இல்லை என்பதே என் கவலை.

மதிப்பீட்டாளர் ஒரு பத்தியைப் படிக்கும்போது மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் எளியவை. இதைச் செய்ய உங்களிடம் ஒரு முறை இருக்கிறதா, அல்லது யாராவது நினைவு வந்தபோது செய்கிறார்களா? அந்த முறை எல்லாப் பிரிவுகளிலும் எல்லா ஷிப்டுகளிலும் நடைமுறையில் இருக்கிறதா? அதில் குறை கண்டு மாற்றியிருக்கிறீர்களா? நிறுவனம் எதை நோக்கிப் போவதாகச் சொல்கிறதோ அதோடு இது பொருந்துகிறதா? விளைவைப் படிக்கும்போது கேள்விகள் வேறு: இப்போது நிலை என்ன, சென்ற ஆண்டுகளில் எப்படி நகர்ந்தது, இதே வேலையைச் செய்யும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது? பால்ட்ரிஜ் ஆனாலும் ஐரோப்பிய மாதிரி ஆனாலும், சொற்கள் மாறுமே தவிரக் கேள்விகள் ஏறத்தாழ இவையே. உங்கள் பத்தி ஒவ்வொன்றையும் இக்கேள்விகளை வைத்துப் படித்துப் பாருங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே இட்டவை. பம்ப் ஷாஃப்ட் கடைந்து தரும் ஒரு நிறுவனம், "தரத்தில் எவ்வித சமரசமும் இன்றி, அதிநவீன இயந்திரங்களின் துணையோடு, வாடிக்கையாளர் திருப்தியே தாரக மந்திரமாகச் செயல்பட்டு வருகிறோம்" என்று எழுதுகிறது. இந்த வாக்கியத்துக்கு நான் எத்தனை முறை படித்தாலும் மதிப்பெண் தர முடியாது. அதே நிறுவனம் இப்படி எழுதியிருக்கலாம்: "2022 ஏப்ரலில் தரம் தேறாமல் ஒதுக்கிய பீஸ்கள், அதாவது எங்கள் ரிஜெக்‌ஷன் நூற்றுக்கு 3.8 ஆக இருந்தது. மூன்று மாதப் பதிவைப் பிரித்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் இரவு ஷிப்டில், பேரிங் அமரும் பகுதியின் விட்டம் கூடிப்போனதால் நேர்ந்தவை என்று தெரிந்தது. இன்சர்ட் (வெட்டுமுனை) தேய்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டியதே காரணம். இத்தனை பீஸுக்கு ஒருமுறை இன்சர்ட்டை மாற்ற வேண்டும் என்று இயந்திரத்திலேயே எண்ணிக்கை வைத்தோம். முதலில் ஒரு இயந்திரத்தில், பின் ஆறிலும். 2023 மார்ச்சில் ரிஜெக்‌ஷன் 1.4 ஆகக் குறைந்தது. இன்சர்ட் செலவு சற்றே கூடியது." இதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. முறை இருக்கிறது, எங்கெல்லாம் பரவியது என்பது இருக்கிறது, கற்றுக்கொண்டது இருக்கிறது, விளைவு இருக்கிறது. கடைசியில் செலவு கூடியதையும் சொல்லியிருப்பதால் முன்னால் சொன்ன அத்தனையையும் நம்பத் தோன்றுகிறது. எழுதப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஷிப்டு வாரியாக, காரணம் வாரியாக ரிஜெக்‌ஷனை எழுதி வைத்திருந்தால் மட்டுமே எழுத முடியும். இப்பதிவு இல்லாத நிறுவனத்துக்கு எவ்வளவு தேர்ந்த ஆலோசகராலும் இப்பத்தியை எழுதித் தர இயலாது.

எண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல விண்ணப்பங்கள்கூட இங்கேதான் சறுக்குகின்றன. ஓர் ஆண்டின் எண் மட்டும் இருந்தால் அது போக்கைக் காட்டாது. குறைந்தது மூன்று ஆண்டுகளாவது வேண்டும், ஐந்தாண்டுகள் இருந்தால் இன்னும் நன்று. "புகார்கள் 12இலிருந்து 7 ஆகக் குறைந்தன" என்று எழுதும்போது, அதே காலத்தில் அனுப்பிய சரக்கும் பாதியாகக் குறைந்திருந்தால் அது முன்னேற்றம் ஆகாது. ஆகவே அனுப்பிய லாட்டுக்கு (சரக்குத் தொகுதிக்கு) எத்தனை புகார், பத்து லட்சம் பீஸுக்கு எத்தனை பழுது என்று வகுத்தே காட்டுங்கள். வரைபடத்தின் செங்குத்து அளவை நூற்றுக்கு 90இல் தொடங்கி, சிறு உயர்வை மலைபோலக் காட்டும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். எங்கள் கண் முதலில் போவதே அங்குதான்.

மோசமான ஆண்டை மறைக்காதீர்கள். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு இருந்தது. 2020-21 நிதியாண்டில் விற்பனை விழுந்தது எந்த நடுவருக்கும் தெரியாத செய்தியன்று. ஆனாலும் அந்த ஓராண்டை மட்டும் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அதே ஆண்டைத் திறந்து காட்டி, ஊருக்குப் போன வடமாநிலத் தொழிலாளர்கள் திரும்பி வருவதற்குள் உள்ளூர் இளைஞர்களுக்கு எப்படிப் பயிற்சி அளித்தோம், எந்த வாடிக்கையாளரோடு பேசித் தவணை வாங்கினோம், எந்தச் செலவை நிறுத்தினோம் என்று எழுதியவர்களின் பக்கங்கள், தலைமை என்ற பிரிவில் அவர்களுக்குக் கிடைத்த சிறந்த சான்றாக அமைந்தன.

ஒப்பீடு எங்கே கிடைக்கும் என்று சிறு நிறுவனத்தினர் கேட்பது நியாயமே. போட்டியாளர் தம் எண்ணைத் தர மாட்டார். ஆனால் பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு அனுப்பும் எவருக்கும் மாதந்தோறும் வெண்டர் ரேட்டிங் வருகிறது. தரத்துக்கு இத்தனை, குறித்த நாளில் டெலிவரிக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அனுப்புகிறார்கள். சில நிறுவனங்கள் தம் சப்ளையர்களின் சராசரியையும் முதலிடத்தையும்கூடத் தெரிவிக்கின்றன. அந்தத் தாள் வருகிறது, மின்னஞ்சலில் கிடக்கிறது, மதிப்பெண் குறைந்தால் மட்டும் பேசப்படுகிறது. மூன்று ஆண்டுகளின் வெண்டர் ரேட்டிங்கை ஒரே வரைபடமாக்கி வைத்தால், வெளியார் ஒருவர் உங்களைப் பற்றிச் சொல்லும் சாட்சியம் அது. அதைப் போலவே மின்கட்டண ரசீதும் ஒரு சான்றுதான்: ஒரு டன் சரக்குக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்று மாதவாரியாகப் போட்டுப் பாருங்கள், சுற்றுச்சூழல் பிரிவில் எழுதுவதற்குப் பொருள் கிடைக்கும். வருகைப் பதிவேட்டிலிருந்து எத்தனை பேர் ஐந்தாண்டுக்கு மேல் உங்களிடம் நிலைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். இவை எல்லாம் ஏற்கெனவே உங்கள் அலுவலக அலமாரியில் இருப்பவை.

முதல் சுற்றில் தேறிய பின் நேரடி ஆய்வு வரும். இதற்காகச் சுவருக்கு வண்ணம் பூசுவதும், புதிய பலகைகள் மாட்டுவதும், தொழிலாளர்களுக்குக் கொள்கை வாசகத்தை மனப்பாடம் செய்விப்பதும் வேண்டாத வேலை. நாங்கள் பார்ப்பது வேறு. ஒருமுறை கோவைப் பக்கம் ஒரு சிறிய கூடத்தில், கடைசி இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்த இளைஞரிடம், அளவு தப்பினால் என்ன செய்வீர்கள் தம்பி என்று கேட்டேன். அவர் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. இயந்திரத்தை நிறுத்தினார், பக்கத்தில் பூட்டியிருந்த சிவப்புப் பெட்டியைக் காட்டினார், அதன்மேல் தொங்கிய அட்டையில் அன்று காலை அவரே எழுதியிருந்த இரண்டு பதிவுகளைக் காட்டினார்: மணி, அளவு, காரணம். இரண்டாவது பதிவுக்கு நேரே சூப்பர்வைசர் கையெழுத்தும், என்ன சரிசெய்யப்பட்டது என்ற குறிப்பும் இருந்தன. எழுத்து சற்றே கோணல், அட்டையில் எண்ணெய்க் கறை. விண்ணப்பத்தின் இருபதாம் பக்கத்தில் சொல்லியிருந்தது அப்படியே அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்த அட்டையைப் பார்த்த பிறகு உரிமையாளரிடம் அப்பிரிவில் நான் கேட்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. பலகையில் புதிதாக ஒட்டிய அச்சுத்தாளுக்கு இந்த வலிமை வராது. அது நேற்று ஒட்டியது என்பது பசை காய்ந்த விதத்திலேயே தெரிந்துவிடும்.

இனி யார் எழுதுவது என்பது பற்றி. ஆலோசகரை அணுகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அளவுகோலை விளக்கிச் சொல்லவும், எழுதியதைப் படித்துக் குறை சொல்லவும் அவர் உதவலாம். ஆனால் உள்ளடக்கம் உரிமையாளரிடமிருந்தும், உற்பத்தி, தரம், கொள்முதல், கணக்கு ஆகியவற்றைப் பார்க்கும் நான்கைந்து பேரிடமிருந்தும் வர வேண்டும். அவர்கள் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாகப் பேசட்டும். முக்கியமாக, முதலில் தமிழிலேயே பேசட்டும், தமிழிலேயே எழுதட்டும். பெரும்பாலான விருதுகள் ஆங்கில விண்ணப்பத்தைக் கேட்பதால், முதல் வரியிலிருந்தே ஆங்கிலத்தில் எழுத முற்பட்டு, விவரம் தெரிந்த சூப்பர்வைசர் வாய்மூடிக்கொள்ள, ஆங்கிலம் தெரிந்த புதிய எம்.பி.ஏ. பட்டதாரி தமக்குத் தெரியாததை அலங்காரமாக எழுதிவிடுகிறார். இருபது ஆண்டுகளாக அந்த இயந்திரத்தோடு பழகியவருக்கு அது ஏன் நின்றது, எப்படிச் சரியானது என்பது தமிழில் துல்லியமாகத் தெரியும். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, பிறகு மொழிபெயர்த்தால் விண்ணப்பத்தின் தரமே மாறிவிடும். இதை மட்டும் சங்கங்கள் தம் உறுப்பினர்களிடம் எடுத்துச் சொன்னாலே நான் மகிழ்வேன்.

தொடக்கத்தில் வரும் நிறுவன அறிமுகத்தைக் கடமைக்கு நிரப்ப வேண்டாம். என்ன தயாரிக்கிறோம், யாருக்கு, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவரோடு போட்டி, இன்று எங்களுக்கு உள்ள பெரிய சவால் என்ன என்பதை அங்கே தெளிவாகச் சொல்லிவிட்டால், பின்னால் வரும் எல்லாவற்றையும் நடுவர் அதை வைத்தே எடைபோடுவார். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து விற்பனையில் முக்கால் பங்கு வருகிறது என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகு, புதிய வாடிக்கையாளரைத் தேடிய முயற்சியைப் பற்றி நீங்கள் எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. பக்க வரம்பை மீறாதீர்கள். பால்ட்ரிஜ் விருதுக்குப் பன்னாட்டு நிறுவனங்களே 50 பக்கத்துக்குள் முழு நிறுவனத்தையும் சொல்லிவந்தன. உத்யம் பதிவு, ஜிஎஸ்டி கணக்குகள், தணிக்கை செய்த வரவுசெலவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரசீதுகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு ஆகியவற்றை ஒரே கோப்பில் ஆண்டு முழுவதும் புதுப்பித்து வைத்திருந்தால் கடைசி வார ஓட்டம் இராது.

எந்த விருதுக்கு முதலில் போவது என்பதிலும் நிதானம் வேண்டும். தொடக்க நிலையில் உள்ள கூடங்களுக்கு மத்திய அரசின் ஜெட் (ZED: பழுதின்மை, சுற்றுச்சூழல் பாதிப்பின்மை) சான்றிதழ் நல்ல முதற்படி. 2022 ஏப்ரலில் புதுவடிவில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள் உள்ளன. வெண்கலத்துக்கான கேள்விகளுக்குப் பதில் தேடும்போதே எந்தப் பதிவேடு இல்லை என்பது புலப்பட்டுவிடும். அதன் பின் மாநில அளவிலான விருதுகள், பிறகு தேசிய அளவு என்று போவதே சிறு நிறுவனத்துக்குத் தாங்கும்.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் அழைத்து, "உங்கள் நிறுவனம் தேர்வாகியிருக்கிறது, மேடைக்கும் விருந்துக்குமான கட்டணத்தை மட்டும் செலுத்துங்கள்" என்று சொல்லும் விருதுகள் பெருகிவிட்டன. விண்ணப்பமே அனுப்பாத ஒருவருக்கு, அளவுகோல் எதுவென்றும் நடுவர் எவரென்றும் சொல்லாமல் வழங்கப்படும் கேடயம், அவர் தொழிலுக்கு எதையும் சேர்ப்பதில்லை. உண்மையான விருதுகளிலும் விண்ணப்பக் கட்டணமும் ஆய்வுச் செலவும் உண்டு என்பதால் பணம் கேட்பது மட்டுமே அடையாளமாகாது. அளவுகோல் முன்னரே வெளியிடப்படுகிறதா, நடுவர் குழு தெரிகிறதா, தோற்றவருக்கும் அறிக்கை வருகிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். இத்தகைய விழாக்களுக்குச் சங்கத்தின் பெயரும் சின்னமும் இரவல் கொடுக்கப்படுவதைக் காணும்போது வேதனையாக இருக்கிறது. அதை நிறுத்துமாறு நிர்வாகிகளை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

தோற்றவருக்கும் வரும் அந்த அறிக்கையைப் பற்றிச் சொல்லாமல் இம்மடலை முடிக்க இயலாது. முறையான மேன்மை விருதுகளில், வெற்றி பெற்றாலும் பெறாவிட்டாலும் விண்ணப்பித்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் வலிமைகளையும் மேம்படுத்த வேண்டியவற்றையும் பிரிவு வாரியாக எழுதித் தருகிறார்கள். அதை எழுத மதிப்பீட்டாளர்கள் பல நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் விவாதிக்கிறோம். வெளியிலிருந்து அத்தகைய மதிப்பீட்டை விலை கொடுத்து வாங்கச் சிறு நிறுவனத்தால் எளிதில் இயலாது. ஆனால் பரிசு இல்லை என்று தெரிந்ததும் அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வைத்துவிட்டு, மறு ஆண்டு அதே குறைகளோடு, அதே பத்திகளோடு மீண்டும் விண்ணப்பிக்கிறார்கள். அறிக்கையில் உள்ளவற்றில் இரண்டே இரண்டு குறைகளை எடுத்து ஓராண்டில் சரிசெய்து, சரிசெய்த விதத்தையே அடுத்த விண்ணப்பத்தில் எழுதியவர்கள் வெகுவேகமாக மேலே வருவதைக் கண்டிருக்கிறேன்.

வென்றவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் குழாய்களும் வால்வுகளும் விநியோகித்த வாலஸ் என்ற நிறுவனம் 1990இல் சிறு நிறுவனப் பிரிவில் பால்ட்ரிஜ் விருதை வென்றது. 1992இல் திவால் பாதுகாப்பு கோரியது. எண்ணெய்த் தொழிலின் தேக்கம், கடன் சுமை எனக் காரணங்கள் பல இருந்தன. தர முயற்சியின் செலவும், விருதுக்குப் பின் வருவோர் போவோருக்குக் கொடுத்த நேரமும் அப்போது பேசப்பட்டன. இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. விண்ணப்பத்துக்கென்று ஒரு தனிக் குழுவை வைத்து, தனி ஆவணங்களை உருவாக்கி, அன்றாட உற்பத்தியிலிருந்து ஆட்களைப் பிரித்தெடுத்தால் சிறு நிறுவனம் தாங்காது. தொழிலை நடத்த எப்படியும் வேண்டிய பதிவுகளிலிருந்தே விண்ணப்பம் எழ வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சங்கங்களிடம் என் வேண்டுகோள்கள் பெரிய செலவு வைப்பவை அல்ல. நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலிலேயே, விண்ணப்பிக்க விரும்பும் உறுப்பினர்களை அழைத்து ஒரு நாள் அமர்ந்து, ஏதாவது ஒரு விருதின் மதிப்பெண் அட்டவணையை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். ரிஜெக்‌ஷன், ரீவொர்க் (மறுவேலை), குறித்த நாளில் டெலிவரி, வாடிக்கையாளர் புகார், விபத்து, பயிற்சி நேரம், மின் செலவு ஆகிய ஏழுக்கும் ஒரு பொதுவான மாதப் படிவத்தை உருவாக்கி எல்லாருக்கும் கொடுங்கள். பெயர் குறிப்பிடாமல் அவ்வெண்களைத் திரட்டி, ஒவ்வொரு தொழில் பிரிவுக்கும் சராசரியை வெளியிட்டால், ஒப்பீடு கிடைக்கவில்லை என்ற குறையை வேறு எவரையும்விடத் தாங்களே தீர்த்து வைக்க முடியும். போட்டியாளரிடம் எண்ணைத் தர மறுப்பவர்கூடச் சங்கத்தை நம்பித் தருவார். முன்பு விருது பெற்ற உறுப்பினர்களின் கூடங்களுக்கு மற்றவர்களை அழைத்துச் செல்லுங்கள். அங்கே கேடயம் வைத்த அறையைத் தவிர்த்து, பதிவேடு எழுதப்படும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பம் அனுப்புவதற்கு ஒரு மாதம் முன்பு, வேறு தொழில் செய்யும் இரு உறுப்பினர்கள் ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் படித்து, புரியாத இடத்தில் கோடிடும் ஏற்பாடு செய்யுங்கள். வார்ப்புத் தொழில் செய்பவருக்குப் புரியாத பத்தி நடுவருக்கும் புரியாது.

வரும் ஏப்ரலில் இத்தகைய கூட்டத்தை எந்தச் சங்கம் நடத்தினாலும், பயணச் செலவோ மதிப்பூதியமோ எதிர்பாராமல் வந்து உடனிருக்க நானும், என்னைப் போன்ற மூத்த மதிப்பீட்டாளர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் கடந்த மூன்று ஆண்டு வெண்டர் ரேட்டிங் தாள்களையும் புகார்ப் பதிவேட்டையும் கையோடு எடுத்துவந்தால், அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் ஒருவர்,
சென்னை